ஒரே பெயர், வேறு வேறு ஆள்: பென்சில்வேனியாவின் ஜெர்மானிய மூதாதையரைப் பிரித்தறிவது எப்படி?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியரின் 18ஆம் நூற்றாண்டு ஆவணம் ஒன்றில் ‘யோஹான்’ என்று தொடங்கும் பெயரைக் கண்டால், முதல் வேலை அந்த யோஹானை ஓரமாக எடுத்து வைப்பது. தென்மேற்கு ஜெர்மனியின் ஃபால்ஸ், வுர்ட்டம்பர்க், பாடன், அதையொட்டிய அல்சாஸ் பகுதிப் புராட்டஸ்டண்ட் வீடுகளில் ஞானஸ்நானத்தின்போது இரண்டு பெயர் சூட்டுவார்கள். முன்னால் நிற்பது மரபுக்காக வைத்தது. பின்னால் வருவதுதான் வீட்டிலும் ஊரிலும் கூப்பிடும் பெயர். யோஹான் யாக்கோப், யோஹான் பீட்டர், யோஹான் கியோர்க் மூவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கலாம். வரிப் பட்டியலில் அவர்கள் வெறும் யாக்கோப், பீட்டர், கியோர்க். பெண்களுக்கு அன்னா, மரியா இரண்டும் இதே வேலையைச் செய்தன. ‘யோஹன்னஸ்’ மட்டும் விதிவிலக்கு. அது தனித்து நிற்கும் கூப்பிடும் பெயர். ஆங்கிலேய எழுத்தர் அதைத்தான் ஜான் என்று எழுதினார். யோஹான் கியோர்க்கை ஜான் என்று தேடிக்கொண்டிருந்தால் வருடக்கணக்கில் வேறு யாருடைய தாத்தாவையோ தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரே பெயர் ஏன் இப்படிக் குவிகிறது? குழந்தைக்கு, ஞானஸ்நானத்தில் சாட்சியாக நிற்கும் ஞானப்பெற்றோரின் பெயரையே வைப்பார்கள். அண்ணன் தம்பி நால்வரும் ஒரே சித்தப்பாவை ஞானத்தந்தையாக நிறுத்தினால், நான்கு வீட்டிலும் ஒரே பெயர்ப் பையன். குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறப்பதற்கு அதே பெயர் திரும்ப வரும். இதோடு முல்லர், ஷ்னைடர், ஷ்மிட் போன்ற தொழில்வழிக் குடும்பப் பெயரும் சேர்ந்தால், ஒரே வட்டத்தில் மூன்று யாக்கோப் முல்லர் இருப்பதில் வியப்பே இல்லை.

பலரும் கப்பல் பட்டியலில்தான் தொடங்குகிறார்கள், பெரும்பாலான தவறுகள் பிறப்பதும் அங்கேதான். கப்பல் பட்டியல் கடைசிக்கு முந்திய படி. ஜெர்மன் ஊரின் தேவாலயப் பதிவேடு கடைசிப் படி. அதற்கு முன், அமெரிக்க மண்ணில் இறந்த அந்த மனிதர் யார் என்பதை நிலம், மனைவி, அண்டை வீட்டார், கையெழுத்து ஆகிய நான்கையும் வைத்து நிலைநாட்டியிருக்க வேண்டும். சான்றுகளிலேயே பெயர்தான் பலவீனமானது.

முதல் படி: முடிவை எழுதாத அட்டவணை

ஒரு விரிதாள் திறந்து, கிடைக்கும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள். தேதி, வட்டம், மாவட்டம், பெயர் (ஆவணத்தில் உள்ள எழுத்துப்படியே, திருத்தாமல்), மனைவி பெயர், தொழில், கையெழுத்தா கீறலா (எழுதத் தெரியாதவர் போடும் குறி), சாட்சிகள், அண்டை நிலக்காரர்கள், ஆவண வகை என்று பத்துப் பத்திகள் போதும். இதில் முக்கியம், ‘இது எங்கள் மூதாதை’ என்று எந்த வரிசையிலும் எழுதாமல் இருப்பது. அதே வட்டத்தில் அதே பெயரில் வரும் எல்லாரையும், உங்களுக்கு வேண்டாதவர்களையும் சேர்த்து உள்ளே கொண்டுவாருங்கள். வரிசைகள் நிறைந்த பிறகுதான் அ, ஆ, இ என்று ஆட்களைப் பிரிக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு இடத்தில் நிற்கும் ‘ஒருவர்’, இறந்த பிறகும் வரி கட்டும் ‘ஒருவர்’ எல்லாம் தானாகவே வெளிவருவார்கள்.

தேடும்போது எழுத்துக்கூட்டலை நம்ப வேண்டாம். தமிழில் ‘பம்பரம்’ என்பதன் இரண்டு ‘ப’வும் எழுத்தில் ஒன்று, ஒலியில் இரண்டு. ஃபால்ஸ் பேச்சில் அந்த ஒலி வேறுபாடு தெளிவாக இருக்காது. எழுத்தர் காதில் எது விழுந்ததோ அதையே எழுதினார். ட-வின் இரண்டு ஒலிகள், க-வின் இரண்டு ஒலிகள் இவற்றுக்கும் இதே கதி. ஆகவே தேடுபெட்டியில் இரு ஆங்கில எழுத்துகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். உயிரெழுத்தின் மேல் இரட்டைப் புள்ளி உள்ள பெயர்கள் பேச்சில் இகரமாகவும் எகரமாகவும் சுருங்கும். முல்லர் மில்லர் ஆனது மொழிபெயர்ப்பால் மட்டும் இல்லை. ஹூபர் ஹூவர் ஆனார், பௌமான் போமன் ஆனார். மொழிபெயர்த்தே மாறியவர்களும் உண்டு: சிம்மர்மான் கார்ப்பென்டர், ஷ்வார்ட்ஸ் பிளாக், ஷ்னைடர் டெய்லர், யேகர் ஹண்டர். ஒரே வீட்டு அண்ணன் சிம்மர்மானாகவே இருக்க, தம்பி கார்ப்பென்டர் ஆன குடும்பங்களும் உண்டு. முதற்பெயரின் செல்ல வடிவங்களையும் பட்டியலில் சேருங்கள்: வாலென்டினுக்கு வெல்டென், கிறிஸ்டோஃபுக்கு ஸ்டோஃபெல், பால்தசாருக்கு பால்ட்சர், நிக்கோலாசுக்கு நிக்கெல், செபாஸ்டியனுக்கு பாஸ்டியன். லுட்விக் ஆங்கில ஆவணத்தில் லூயிஸாக மாறிவிடுவார்.

இரண்டாம் படி: மாவட்டம் எப்போது பிறந்தது?

உங்கள் ஆள் நகராமலே மூன்று மாவட்டத்தில் வாழ்ந்திருக்கலாம். 1682இல் ஃபிலடெல்ஃபியா, பக்ஸ், செஸ்டர் மூன்றே மாவட்டங்கள். லங்காஸ்டர் 1729இல் பிரிந்தது. யார்க் 1749, கம்பர்லாந்து 1750, பர்க்ஸும் நார்தாம்ப்டனும் 1752. டாஃபின் 1785இல் லங்காஸ்டரிலிருந்து பிரிந்தது. அதிலிருந்தும் லங்காஸ்டரிலிருந்தும் 1813இல் லெபனான் உருவானது. இன்றைய லெபனான் மாவட்டத்துப் பண்ணை ஒன்றின் 1740 ஆவணம் லங்காஸ்டர் நீதிமன்றத்திலும், 1790 ஆவணம் டாஃபினின் தலைநகரான ஹாரிஸ்பர்க்கிலும் இருக்கலாம். இதைப் பார்க்காதவர்கள் ஒரே மனிதரை இரண்டாக்குவார்கள். வேறொரு மாவட்டத்தில் இருந்த இன்னொருவரைத் தங்கள் கணக்கில் சேர்த்துவிடுவதும் உண்டு.

தேதியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைக் கையாண்டன. அந்த ஆண்டு செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் 14. அதுவரை சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஆகவே 1734 பிப்ரவரி என்று எழுதியிருப்பது நம் கணக்கில் 1735ஆக இருக்கலாம். ஜெர்மன் புராட்டஸ்டண்ட் நாடுகளோ 1700லேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டன. 11 நாள் வித்தியாசத்தை வைத்து ‘இவர் வேறு ஆள்’ என்று முடிவு செய்யாதீர்கள். மாதத்தை 7, 8, 9, 10 என்ற எண்ணோடு ‘பெர்’ என்ற ஒட்டுச் சேர்த்து எழுதியிருந்தால் அவை செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர். ஜூலை, ஆகஸ்ட் இல்லை.

மூன்றாம் படி: நிலம்

பிரித்தறியும் வேலையில் நிலத்துக்கு இணையான சான்று இல்லை. பெயர் இரண்டு பேருக்குப் பொதுவாகலாம், ஓடைக்கரையில் உள்ள 150 ஏக்கர் பொதுவாகாது. பென்சில்வேனியாவில் நிலம் மூன்று கட்டமாகக் கைக்கு வந்தது. முதலில் அளக்க ஆணை, அடுத்து அளவை வரைபடம், கடைசியில் உரிமைப் பட்டயம். மூன்றும் ஹாரிஸ்பர்க்கில் உள்ள மாநில ஆவணக்காப்பகத்தில் நில ஆவணத் தொகுதி 17இல் இருக்கின்றன. ஆணைப் பதிவேடுகளையும் நகலெடுத்த அளவை வரைபடங்களையும் இணையத்திலேயே பார்க்கலாம்.

வரைபடத்தில் நான்கு எல்லையிலும் யார் நிலம் என்று எழுதியிருக்கும். அந்தப் பெயர்களை அப்படியே அட்டவணைக்குக் கொண்டுவாருங்கள். எல்லைகள் ‘பெர்ச்’ கணக்கில் இருக்கும்: ஒரு பெர்ச் பதினாறரை அடி, 160 சதுர பெர்ச் ஒரு ஏக்கர். திசைக்கோணத்தையும் நீளத்தையும் வைத்து ஒரு காகிதத்தில் வரைந்து, பக்கத்து வரைபடங்களோடு பொருத்திப் பார்த்தால் ஊரே எழுந்து நிற்கும். பரப்பளவோடு நூற்றுக்கு ஆறு வீதம் கூடுதலாகக் கொடுத்திருப்பது பாதைக்கான விட்டுக்கொடுப்பு, கணக்குப் பிழை இல்லை.

அளக்க ஆணை 1738இல் ஒருவருக்குக் கிடைத்து, பட்டயம் அறுபது ஆண்டு கழித்து வேறொருவருக்கு வழங்கப்பட்டிருக்கலாம். பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். பட்டயத்தின் முகப்புரையில் நிலம் கைமாறிய கதை முழுதும் வரும். முதல் உடைமையாளர் இறந்தது, உயில், எந்த மகனுக்கு எந்தப் பங்கு, மகன் யாருக்கு விற்றார் என்பதெல்லாம் அங்கே இருக்கும். அப்பன், மகன், பேரன் மூவருக்கும் ஒரே பெயர் என்றால் அதைப் பிரித்துச் சொல்லும் ஒரே ஆவணம் சில நேரம் இதுதான். விற்பனைப் பத்திரத்தில் மனைவியும் கையொப்பமிடுவார். கணவன் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒருவர் மனைவி பார்பரா, மற்றவர் மனைவி எலிசபெத் என்று தெரிந்துவிடும். மறுமணம் அடிக்கடி நடந்த காலம் என்பதால், மனைவி பெயர் மாறியதாலேயே ஆளும் மாறிவிட்டார் என்று அவசரப்பட வேண்டாம்.

குடிவழி ஆவணங்களுக்கான ஃபேமிலிசர்ச் தளத்தில் இப்போது நில, உயில் ஆவணங்களின் முழு வாசகத்திலும் தேட முடிகிறது. அட்டவணைப்படுத்தாத சாட்சிகள், அண்டை வீட்டார் பெயர்கள் இதில் சிக்கும். கணினி வாசித்த எழுத்து என்பதால் ஜெர்மன் பெயர்களைக் கன்னாபின்னாவென்று படித்திருக்கும். அண்டை வீட்டாரின் பெயரைத் தேடி, அதன் வழியாக உங்கள் ஆளைப் பிடிப்பது நல்ல உத்தி.

நான்காம் படி: வரி, உயில், மைனர் பிள்ளைகள்

வரிப் பட்டியலை ஓர் ஆண்டுக்கு மட்டும் பார்ப்பதில் பயனில்லை. தொடர்ச்சியாகப் பத்து, பதினைந்து ஆண்டு பார்க்க வேண்டும். 21 வயதைக் கடந்த மணமாகாதவர்கள் தனித் தலைப்பில் வருவார்கள். ஒருவர் அங்கிருந்து குடும்பஸ்தர் பட்டியலுக்கு நகரும் ஆண்டு திருமண ஆண்டை ஒட்டியே இருக்கும். ஒரே பெயர்க்காரர்களை வரி அதிகாரி கொல்லர், நெசவாளர், பீட்டர் மகன் என்று குறித்து வைப்பார்.

‘ஜூனியர்’ என்ற குறிப்பை மகன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே ஊரில் வயதில் இளையவர் என்பதே அதன் பொருள். பெரியப்பா மகனாக இருக்கலாம், உறவே இல்லாதவராகவும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் ‘சீனியர்’ ஆகிவிடுவார். பட்டியலில் சீனியர் தொடர்கிறார் என்பதால் அதே ஆள் தொடர்கிறார் என்று பொருளில்லை.

உயில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இன்னும் நல்லது என்றே சொல்லலாம். உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து அனாதைகள் நீதிமன்றத்துக்குப் போகும். பென்சில்வேனியாவில் 1794 வரை மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. ஆகவே பங்குப் பிரிவினையில் மூத்தவர் யார் என்பது எண்ணிலேயே தெரிந்துவிடும். மைனர் பிள்ளைகளில் 14 வயது நிரம்பியவர்கள் தங்கள் காப்பாளரைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள். குறைந்தவர்களுக்கு நீதிமன்றம் நியமிக்கும். ஒரு பிள்ளை தேர்ந்தெடுத்தது, அடுத்த பிள்ளைக்கு நீதிமன்றம் நியமித்தது என்று ஒரே நாளில் பதிவாகியிருந்தால் இருவர் பிறந்த காலமும் குறுகிய வரம்புக்குள் வந்துவிடும். பெரும்பாலும் தாய்மாமனோ ஞானத்தந்தையோதான் காப்பாளர்.

ஐந்தாம் படி: தேவாலயப் பதிவேடு

லுத்தரன் சபையும் சீர்திருத்த சபையும் ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொண்ட ஊர்கள் ஏராளம். பதிவேடு சில இடத்தில் தனித்தனி, சில இடத்தில் ஒன்று. இரண்டையும் பார்க்காமல் ‘பதிவு இல்லை’ என்று எழுதாதீர்கள். மெனோனைட், ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவுகளின் குடும்பங்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அங்கே தேடிப் பயனில்லை. ஒரே ஊரில் ஒரு மெனோனைட் ஹூபரும் ஒரு லுத்தரன் ஹூபரும் இருந்தால், பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவே இருவரையும் பிரித்துவிடும். மொரேவியர்கள் என்ற சபையினர் இதற்கு நேர்மாறு. 1741இல் பென்சில்வேனியாவில் அவர்கள் நிறுவிய பெத்லகேம் ஊரின் ஆவணக்காப்பகத்தில், இறந்த உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்பு பிறந்த ஊர், பெற்றோர், வந்த கப்பல் வரை சொல்லும்.

ஞானஸ்நானப் பதிவில் ஒரு கணக்கு உண்டு. ‘யாக்கோப் முல்லர், மனைவி மரியா’ தம்பதிக்கு மார்ச்சில் ஒரு குழந்தை, ஆகஸ்டில் ஒரு குழந்தை என்றால் அவர்கள் இரண்டு தம்பதிகள். சாதாரணமாக ஒரே தாய்க்கு ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு இடைவெளி இருக்கும். எல்லாப் பதிவையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் ஞானப்பெற்றோரையும் பக்கத்தில் எழுதினால், ஞானப்பெற்றோர் இரண்டு கூட்டமாகப் பிரிவது கண்ணுக்குத் தெரியும். ஒரு கூட்டம் ஒரு குடும்பத்தின் மச்சான், மைத்துனிகள். இன்னொன்று அடுத்தவருடையது.

சுற்றித் திரிந்த போதகர்களின் தனிப் பதிவேடுகளையும் விடாதீர்கள். யோஹான் காஸ்பர் ஸ்டோவரின் பதிவேடு 1730 முதல் தொடங்குகிறது. 1742இல் வந்த ஹைன்ரிக் மெல்கியோர் மியூலன்பெர்க்கின் நாட்குறிப்புகளும் அப்படியே. அவரை அனுப்பியது ஹாலே நகரின் ஃபிராங்கே நிறுவனம், தரங்கம்பாடிக்கும் போதகர்களை அனுப்பிய அதே நிறுவனம். இரு கடற்கரைகளிலிருந்தும் போன கடிதங்கள் இன்று ஹாலேயில் ஒரே காப்பகத்தில் இருக்கின்றன.

ஆறாம் படி: இப்போது கப்பல்

ஃபிலடெல்ஃபியாவில் பட்டியல் 1727 செப்டம்பரில்தான் தொடங்குகிறது. முதல் கப்பலின் பெயர் ‘வில்லியம் அண்ட் சாரா’. 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாச உறுதிமொழி கொடுக்க வேண்டும். ஒரு கப்பலுக்கு மூன்று பட்டியல் வரை இருக்கும்: கப்பல் தலைவர் கொடுத்தது முதலாவது, உறுதிமொழியில் பயணிகளே கையொப்பமிட்டவை இரண்டாவதும் மூன்றாவதும். நோயாளிகள் முதல் பட்டியலில் மட்டும் இருப்பார்கள். பெண்களும் குழந்தைகளும் சில பட்டியலில்தான். 1934இல் ஸ்ட்ராஸ்பர்கரும் ஹிங்கேயும் வெளியிட்ட பதிப்பைப் பயன்படுத்துங்கள். அதன் இரண்டாம் தொகுதி கையெழுத்துகளின் நேர்ப்படம். சில மறுபதிப்புகளில் அந்தத் தொகுதியே இல்லை, ஆகவே வாங்கும் முன் பாருங்கள். அதற்கு முந்தைய 19ஆம் நூற்றாண்டுத் தொகுப்பில் தவறுகள் மலிந்திருக்கின்றன. இணையக் குடிவழி மரங்களில் இன்றும் அந்தத் தவறுகளே சுற்றி வருகின்றன.

ஒரே பெயர்க்காரரைப் பிரிக்க இந்த நேர்ப்படம் தங்கச் சுரங்கம். கப்பலில் வந்து கையெழுத்துப் போட்டவரையும், தற்குறியாகக் கீறல் போட்டு எழுத்தர் பெயர் எழுதிய ஆளையும் ஒருவராக்க முடியாது. உங்கள் ஆளின் உயில், பத்திரம், சபை மனு ஆகியவற்றின் மூலக் கையெழுத்தை எடுத்து ஒப்பிடுங்கள். மாவட்டப் பதிவேட்டில் இருப்பது எழுத்தர் எடுத்த நகல், அதில் கையெழுத்து ஒப்பிட முடியாது. மூல உயில் வேண்டும். ஒரு எச்சரிக்கை: மரணப் படுக்கையில் கீறல் போட்ட எழுத்தறிந்தவர்கள் உண்டு. ஆகவே நடுவயது ஆவணத்தையே நம்புங்கள்.

குடியுரிமைப் பதிவு இன்னொரு வடிகட்டி. 1740ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு ஆண்டு குடியிருந்து, நீதிமன்றம் வருவதற்கு முந்திய மூன்று மாதத்துக்குள் நற்கருணை பெற்றிருக்க வேண்டும். பதிவில் நற்கருணை பெற்ற தேதியும் இருக்கும். 1747இல் குடியுரிமை பெற்றவர் 1749 கப்பலில் வந்தவராக இருக்க முடியாது. அவர் 1740க்குள் வந்திருக்க வேண்டும். கப்பல் பட்டியலில் ஐந்து பேர் இருந்தால் மூன்று பேர் இதிலேயே கழிந்துவிடுவார்கள். குடியுரிமை வாங்காதவர்களும் ஏராளம் என்பதால் பதிவு இல்லாததை வைத்து எதையும் முடிவு கட்டாதீர்கள்.

ஃபிலடெல்ஃபியாவில் இல்லாவிட்டால்? கான்ராட் வைசர் குடும்பம் நல்ல பாடம். பென்சில்வேனிய அரசுக்கும் இரோகுவா பழங்குடி மக்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக இருந்த யோஹான் கான்ராட் வைசர் 1696இல் வுர்ட்டம்பர்க்கில் பிறந்தவர். அவர் தந்தையின் பெயரும் யோஹான் கான்ராட் வைசர். 1710இல் இருவரும் நியூயார்க்கில் இறங்கினார்கள். 1729இல்தான் மகன் பென்சில்வேனியாவின் டல்பஹாக்கனுக்குக் குடிபெயர்ந்தார். ஃபிலடெல்ஃபியா பட்டியலில் எத்தனை தேடினாலும் அவர்கள் கிடைக்கமாட்டார்கள். தந்தை கடைசிக் காலத்தில் மகனிடம் வந்து 1746இல் இறந்ததால், ஒரே இடத்தில் ஒரே பெயர் இருவருக்கும் உரியதாகிறது. நியூயார்க் வந்தவர்களுக்கு ஆளுநர் ராபர்ட் ஹண்டரின் 1710–1712 உணவு உதவிப் பட்டியல்களைப் பார்க்க வேண்டும். வர்ஜீனியாவின் ஜெர்மானா, ஜார்ஜியாவின் எபனேசர், மெய்னின் பிராட் பே, நோவா ஸ்கோஷியாவின் லூனன்பர்க் எல்லாம் வேறு வேறு வாசல்கள்.

ஏழாம் படி: ஜெர்மன் ஊர்

ஊர்ப் பெயர் மேற்சொன்ன ஏதோவொரு ஆவணத்தில் கிடைத்தால்தான் இங்கே வர வேண்டும். ஜெர்மன்டவுனில் 1739 முதல் கிறிஸ்டோஃப் சௌவர் நடத்திய செய்தித்தாளில் ‘இன்ன ஊர்க்காரர் தன் சகோதரனைத் தேடுகிறார்’ என்ற விளம்பரங்கள் நிறைய வந்தன. அவற்றின் சுருக்கங்கள் அச்சில் உண்டு. புராட்டஸ்டண்ட் பதிவேடுகள் கட்டணத் தளமான ஆர்க்கியோனிலும், கத்தோலிக்கப் பதிவேடுகள் இலவசமான மாட்ரிகுலாவிலும் இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டின் முப்பதாண்டுப் போரிலும், 1689இல் பிரெஞ்சுப் படை ஃபால்ஸை எரித்தபோதும் பல ஊர்ப் பதிவேடுகள் அழிந்தன. ஆகவே சில ஊர்களில் 1700க்கு முன் எதுவும் இருக்காது.

பெயரும் பிறந்த ஆண்டும் பொருந்தும் ஞானஸ்நானம் கிடைத்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள். அந்தக் குழந்தை உயிரோடு வளர்ந்ததா? அடக்கப் பதிவேட்டை அடுத்த பத்து ஆண்டுக்கு வரிவரியாகப் பாருங்கள். 14 வயதையொட்டி உறுதிப்பூசுதல் பதிவு இருக்க வேண்டும். அதன் பிறகு அந்த ஊரில் திருமணமோ பிள்ளைப்பேறோ அடக்கமோ இருக்கக் கூடாது. இருந்தால் அவர் கடல் கடக்கவில்லை. பதிவின் ஓரத்தில் ‘அமெரிக்கா போனார்’ என்று போதகர் எழுதிய ஊர்களும் உண்டு. பெண்கள் குடும்பப் பெயரின் இறுதியில் ‘இன்’ ஒட்டு இருக்கும்: முல்லரின் என்பது முல்லர்தான், புதிய குடும்பம் இல்லை.

மரபணுச் சோதனை எவ்வளவு உதவும்? பொதுவான சோதனையில் எட்டுத் தலைமுறைக்கு முந்தைய ஒருவரின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. சில நேரம் எதுவும் மிஞ்சாது. ஆண் வழியில் மட்டும் செல்லும் ஒய் குரோமோசோம் சோதனை பயன் தரும். இரண்டு யாக்கோப் முல்லர்களின் நேர் ஆண் வாரிசுகள் சோதித்து, முடிவு பெரிதும் வேறுபட்டால் அவர்கள் வேறு குடும்பம். ஒத்துப்போனால் அண்ணன் தம்பியா, பெரியப்பா மகனா என்பதை அது சொல்லாது.

எல்லாம் பார்த்த பிறகும் இருவரும் பிரியாமல் நின்றால், குடிவழி மரத்தில் அந்த மனிதருக்குப் பெற்றோரை இணைக்காமல் நிறுத்துங்கள். ஒவ்வொரு வேட்பாளரையும் ஏன் கழித்தீர்கள் என்பதைக் குறிப்பாகப் பதியுங்கள்: இன்ன ஆண்டுக் கப்பலில் வந்தவர் கீறல் போட்டவர், எங்கள் ஆள் 1751 பத்திரத்தில் ஜெர்மன் எழுத்தில் கையொப்பமிட்டவர், இன்ன ஊர்க் குழந்தை மூன்று வயதில் இறந்தது, அடக்கப் பதிவேடு இன்ன பக்கம். அடுத்துத் தேட வருபவருக்கு அந்த வரிகள் ஒரு கோடை முழுவதையும் மிச்சப்படுத்தும்.